பாஸ்போட்டைக் குடு, பிள்ளை

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தமிழ் வீட்டுப் படியேறி, எனக்குக் காய்ச்சல் என்று சொன்னால் இரண்டு பனடோல் தந்து அனுப்பிவிடுவார்கள். எனக்கு விசா முடியப்போகிறது என்று சொல்லிப் பாருங்கள். கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி ஊற்றி, போனில் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு, நீங்கள் எழும்புவதற்குள் உங்கள் வாழ்க்கைக்கு ஒரு வழி சொல்லாமல் விடமாட்டார்கள். முப்பது நாற்பது வருடம் அதே கவலையில் வெந்த சனத்துக்கு அந்த விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. புனிதவதிக்கும் முடியவில்லை. இந்தக் கதையின் துன்பமெல்லாம் அங்கேதான் தொடங்கியது.

புனிதவதிக்கு ஐம்பத்தேழு வயது. வோபர்னில் வீடு. பேர்ணடெற்றின் சாப்பாட்டுக் கடைச் சமையலறையில் பத்தொன்பது வருடமாக ரோல்ஸ் சுற்றுகிறாள். அந்த அறைக்குள் கால்வைக்கும் எவருக்கும், கடைக்காரி பேர்ணடெற் உட்பட, அவள் அன்ரிதான். வீட்டுக்காரர் ஜெயரட்ணம் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். ஒரே மகள் துவாரகா கலியாணம் முடித்து அஜக்ஸுக்குப் போனபிறகு பேஸ்மென்ற் சும்மா கிடந்தது. அங்கேதான் நாலு வருடத்துக்கு முந்திய இலையுதிர் காலத்தில் ஹலினாவும் மகள் ஸ்லாத்தாவும் இரண்டு சூட்கேசுகளோடு வந்து இறங்கினார்கள்.

ஹலினா உக்ரேனின் கார்கீவ் நகரத்தில் டிராம் ஓட்டியவள். தண்டவாளம் குண்டில் பெயர்ந்து, புருசன்காரனும் இன்னொருத்தியோடு போய், பிள்ளையை இழுத்துக்கொண்டு போலந்து வழியாக இங்கே வந்தவள். வந்த மூன்றாம் கிழமை புனிதவதி அவளைக் கடைக்குக் கூட்டிப்போனாள். ரோல்ஸுக்குத் தோல் ஊற்றுவது லேசான வேலை இல்லை. மா கட்டியாக இருந்தால் தடிக்கும், தண்ணியாக இருந்தால் கிழியும். தாச்சியை ஒரு சுற்றுச் சரித்து மா முழுவதும் ஓடும்படி செய்துவிட்டு, ஓரம் கிளம்பும்போது விரலால் இழுத்து எடுக்க வேண்டும். கெட்டிக்காரப் பெண்களே இரண்டு மாதம் திணறியிருக்கிறார்கள். ஹலினா தாச்சியைக் கையில் வாங்கினாள், சரித்தாள், கடதாசி மாதிரி ஒன்றை எடுத்துப் பலகையில் போட்டாள். தன் ஊரிலும் இதே தோலை ஊற்றி உள்ளே தயிர்க்கட்டி வைத்துச் சுற்றுவார்கள் என்றாள்.

"உவள் முற்பிறப்பிலை பருத்தித்துறையிலை கடை வைச்சிருந்தவள்," என்றாள் பேர்ணடெற்.

அன்றிலிருந்து அவர்கள் சோடி. ஹலினா ஊற்றுவாள், புனிதவதி இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுற்றுவாள். வெள்ளிக்கிழமைகளில் நானூறு, ஐந்நூறு. இருவரும் பேசிக்கொண்டது கால் கை முறிந்த ஆங்கிலத்தில். அதை இங்கே தமிழாக்கித்தான் தர முடியும். ஆனால் அன்ரி என்ற சொல்லை ஹலினா கடைக்காரரிடமிருந்தே பிடித்துக்கொண்டாள். காலையில் காருக்குள் ஏறும்போது அன்ரி, பின்னேரம் இறங்கும்போது அன்ரி. துவாரகா போனபிறகு அந்த வீட்டில் அப்படி நாளுக்கு இருபது தரம் கூப்பிட ஆளில்லாமல் இருந்தது. அந்தக் குரல் தன் வீட்டை விட்டுப் போய்விடக் கூடாது என்று புனிதவதி ஆசைப்பட்டாள். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

போன வருட இலையுதிர் காலத்தோடு ஹலினாவின் மூன்று வருட அனுமதி முடியவிருந்தது. கனடாவில் சொந்தக்காரர் உள்ள உக்ரேனியருக்கு நிரந்தர வதிவிடம் என்று ஒரு வழி இருந்தது, அதை மூடிவிட்டார்கள். ஹலினாவுக்கு இங்கே ஒருவரும் இல்லாதபடியால் அது திறந்திருந்தாலும் பயனில்லை. மற்ற வழிக்கு ஆங்கிலச் சோதனை எழுத வேண்டும். இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் புள்ளி போதவில்லை. மிஞ்சியது அனுமதியை நீட்டிக்கக் கேட்பது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த துவாரகா அதைத்தான் சொன்னாள். "அம்மா, ஷி கேன் ஜஸ்ற் எக்ஸ்ரென்ட் இற். ஒன்லைன்ல போடலாம். இப்ப அது காணும். வை ஆர் யூ ஸ்கேரிங் ஹேர்?"

"நீட்டி நீட்டி எத்தினை நாளைக்கு? உது ரெம்பறறி. அங்கை சண்டை நிண்டா அடுத்த நாளே போ எண்டுவாங்கள்," என்றாள் புனிதவதி. "கேஸ் குடுத்தா அது கேஸ். ஒருத்தனும் அசைக்கேலாது. உன்ர கொப்பரும் நானும் என்னெண்டு நிண்டனாங்கள் எண்டு நினைக்கிறாய்?"

அகதிக் கோரிக்கையைத்தான் கேஸ் என்பது. புனிதவதிக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான், வெற்றி கண்ட வழியும் அதுதான். ஹலினாவை அருள்நாயகம் மாஸ்டரிடம் கூட்டிப்போனாள். முன்பு நீதிமன்றங்களில் மொழிபெயர்த்தவர், இளைப்பாறிய பிறகு தெரிந்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஹலினாவைப் பார்த்துத்தான் கேட்டார், பாஸ்போட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், முடிவு வரும்வரை நாட்டை விட்டுப் போக முடியாது, தெரியும்தானே என்று. ஹலினா வாய் திறக்குமுன், "தெரியும் மாஸ்டர், எல்லாம் சொல்லிப்போட்டன்," என்றாள் புனிதவதி.

சொல்லியிருக்கவில்லை. குடிவரவு அலுவலகத்துக்குப் போகும் காலையில்தான் ஹலினா சமையலறை மேசையில் அந்த நீலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இருந்தாள். பிளாஸ்ரிக் உறை போட்டு வைத்திருந்தாள்.

"அன்ரி, அம்மாவுக்கு ஏதும் எண்டா நான் என்ன செய்யிறது?"

"கொம்மாவுக்கு ஒண்டும் வராது. பாஸ்போட்டைக் குடு, பிள்ளை. உதை வைச்சு என்ன செய்யப்போறாய்? நாங்கள் எல்லாரும் குடுத்தனாங்கள்."

அது பொய். பொய் என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை. புனிதவதி இந்த நாட்டுக்கு வந்தது வேறு யாரோ ஒரு மலேசியாக்காரியின் பாஸ்போட்டில். விமானம் இறங்குமுன்னரே கூட வந்த ஏஜென்சிக்காரன் அதைத் திருப்பி வாங்கிவிட்டான். கொடுப்பதற்கென்று அவளிடம் ஒன்றும் இருந்ததில்லை. தன் சொந்தப் பெயர், சொந்தப் படம் போட்ட புத்தகம் ஒன்று ஒருத்தியின் கையில் இருந்தால் அது என்னவெல்லாம் செய்யும் என்பதை அவள் யோசிக்கப் பழகியிருக்கவில்லை. ஹலினா கொடுத்துவிட்டு வந்தாள்.

இந்த மாசியில், பனி முழங்கால் அளவுக்குக் கிடந்த ஒரு திங்கட்கிழமை, தோல் ஊற்றிக்கொண்டிருந்தவளின் போன் அடித்தது. லூப்ளினில் இருக்கும் தமக்கை. போலந்தின் அந்த நகரத்துக்குத்தான் தாயைக் கார்கீவிலிருந்து கொண்டுவந்திருந்தாள். தாய்க்குக் கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது, வைத்தியர்கள் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றார்கள். பத்து நாள், கூடினால் இரண்டு கிழமை.

தாச்சியில் தோல் கருகியது. நாலு வருடத்தில் முதல் தரம் அது.

"நான் போகவேணும், அன்ரி," என்றாள் ஹலினா. பாஸ்போட் தன்னிடம் இல்லை என்பதன் முழு அர்த்தமும் அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை. லூப்ளினில் சண்டை இல்லை. ஒரு விமானம், ஒரு பஸ். வேலைக்கு லீவு போடுவதைப் பற்றித்தான் அவள் பேசிக்கொண்டிருந்தாள். புனிதவதிதான் அடுப்பை அணைத்துவிட்டு மாஸ்டருக்குப் போன் எடுத்தாள்.

அன்று பின்னேரமே அருள்நாயகம் மாஸ்டர் வீட்டுக்குப் போனார்கள். ஜெயரட்ணம் காரை ஓட்டினார். மாஸ்டர் கடிதங்களையெல்லாம் வாங்கிப் படித்தார். நெடுநேரம் படித்தார். படிக்க அவ்வளவு இருக்கவில்லை.

"போகலாம். ஆரும் மறிக்க மாட்டினம்," என்றார். "கேஸை வாபஸ் வாங்கவேணும். வாங்கினா, கேஸ் குடுக்கேக்கை ஒரு வெளியேற்றக் கட்டளையும் போட்டுத்தான் வைச்சவங்கள், அது உயிர் பெறும். பாஸ்போட் திரும்பி வர எத்தினை நாள் எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது. பிறகு திரும்பி உள்ளுக்கு வர வழியில்லை. உக்ரேன்காரருக்கு விட்ட அந்த விசேச விசா இப்ப இல்லை. மகளின்ர கேஸும் இவவின்ரயோடைதான் கட்டுப்பட்டுக் கிடக்கு."

"மாஸ்டர், ஒரு கடிதம் எழுதிக் கேட்டா? தாய் சாகக் கிடக்குது எண்டு?" என்று கேட்டாள் புனிதவதி.

"எழுதுவம். இப்பவே எழுதுறன். பதில் வர மாசக்கணக்காகும் தங்கச்சி."

ஹலினா மெதுவான ஆங்கிலத்தில் கேட்டாள். "கேஸ் குடுக்காமல் பழைய அனுமதியை நீட்டியிருந்தால்?"

மாஸ்டர் புனிதவதியைப் பார்த்தார். கிழவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "பாஸ்போட் உம்மட கையிலை இருந்திருக்கும். திரும்பி வாறதுக்கு ஒரு விசாவும் கேட்டிருக்கலாம்," என்றார்.

வீடு வந்து இறங்கியவுடன் ஜெயரட்ணம் பனி அள்ளும் சவலை எடுத்துப் பேஸ்மென்ற் படிகளைத் துப்புரவாக்கத் தொடங்கினார். காலையில் அள்ளிய படிகள்தான். புனிதவதி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் உள்ளே வந்து கையுறையைக் கழற்றும்போது சொன்னார்.

"இஞ்சாரும், நீர் நல்லதுக்குத்தானே சொன்னனீர்."

"நீங்களும் அப்ப அப்பிடித்தான் சொன்னனீங்கள்."

அவர் கையுறைகளை ஹீற்றர் மேல் வைத்தார். ஒன்றை எடுத்துத் திருப்பி வைத்தார்.

அது தொண்ணூற்று நாலாம் ஆண்டுக் கதை. புனிதவதியின் தகப்பனை யாழ்ப்பாணத்திலிருந்து வைத்தியத்துக்கென்று கொழும்புக்குக் கொண்டுவந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் வைத்திருந்தார்கள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. பிள்ளையைக் காட்டுங்கோ, பிள்ளையைக் காட்டுங்கோ என்று ஒரு மாதம் கிடந்தார். புனிதவதி கலியாணம் முடித்து எட்டு மாதம். கேஸ் முடிவுக்குக் காத்திருந்த நேரம். கேஸ் போனால் போகட்டும் என்று அவள் அழுது நின்றபோது, புதுமாப்பிள்ளை ஜெயரட்ணம் அறைக் கதவடியில் நின்று, "உம்மட நல்லதுக்குத்தான் சொல்லுறன். போனா என்னை இனிக் காணமாட்டீர்," என்றார். அவள் போகவில்லை. மூன்று மாதம் கழித்துச் செத்தவீட்டு வீடியோ கசற் தபாலில் வந்தது. அந்தக் காலத்தில் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் வரும். அதில் கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோகுமுன் தாய் கமராவைப் பார்த்து, "புனிதா, நீ வரேல்லையே பிள்ளை," என்று கேட்டாள். ஒரு தரம் பார்த்துவிட்டு அதைச் சீலைகளுக்கு அடியில் வைத்தாள். பிறகு அதைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே எழவில்லை. முப்பத்திரண்டு வருடம் புருசனுக்குச் சோறு போட்டாள், பிள்ளை பெற்றாள், அவருடைய சலரோகத்துக்குக் குரக்கன் புட்டு அவித்தாள்.

புதன்கிழமை வேலையால் வந்து, முகம் கழுவி, அலுமாரியைத் திறந்தாள். நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் அவளுடைய கனேடிய பாஸ்போட் இருந்தது. எடுத்துக்கொண்டு பேஸ்மென்ற்றுக்கு இறங்கினாள். ஸ்லாத்தா பள்ளிக்கூடத்தால் வந்திருக்கவில்லை. ஹலினா கட்டில் விளிம்பில் இருந்து போனில் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு தலையணையும் மஞ்சள் பூத்த நெற்றியும் தெரிந்தன. தாய் நித்திரை. தமக்கை போனைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தாள்.

புனிதவதி குரலைத் தணித்தாள். "நான் போறன், பிள்ளை."

"எங்கை?"

"லூப்ளினுக்கு. என்னட்டை பாஸ்போட் இருக்கு. எனக்கு விசாவும் தேவையில்லையாம், துவாரகா சொன்னவள். நாளைக்கே வெளிக்கிடுவன். நீ என்ன சொல்லவேணுமோ சொல்லு, நான் கொம்மாவுக்குப் பக்கத்திலை இருந்து சொல்லுறன். கையைப் பிடிச்சுக்கொண்டிருப்பன். கால் அமத்திவிடுவன். ரோல்ஸ் சுத்தின கை, நோகாமல் அமத்தும்."

இதை அவள் இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தாள். பாஷை தெரியாத ஊரில், பார்த்திராத ஒரு கிழவியின் கட்டிலடியில் தான் இருப்பதை நினைத்துப் பார்த்து, அது ஒன்றுதான் தன்னால் முடிந்தது என்று நம்பியிருந்தாள்.

ஹலினா அந்தப் பாஸ்போட்டை வாங்கினாள். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். கொழும்பு முத்திரை ஒன்று. சென்னை ஒன்று. துவாரகாவின் கலியாணம் முடிந்து குடும்பமாகப் போன கியூபா ஒன்று. படம் போட்ட பக்கத்துக்கு வந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மூடினாள்.

"நீங்கள் போகலாம்," என்றாள். "நாளைக்கே போகலாம். நான் போகேலாது. இதைக் காட்டத்தானே வந்தனீங்கள்?"

"ஐயோ, இல்லை பிள்ளை."

"அம்மாவுக்கு உங்களைத் தெரியாது. கண் திறந்தா ஆரோ ஒரு மனுசியைக் காணுவா. ஹலினா எங்கை எண்டு கேப்பா. நீங்கள் என்ன சொல்லுவீங்கள்?"

ஹலினா இரண்டு கையாலும் பாஸ்போட்டைத் திருப்பி நீட்டினாள். கோபம் இல்லை, குரலும் உயரவில்லை. கடையில் ஒரு வாடிக்கையாளரிடம் மிச்சக் காசைக் கொடுப்பதுபோல் கொடுத்தாள். புனிதவதி படியேறி வந்து, சமையலறையில் விளக்குப் போடாமல் இருந்து அழுதாள். வெட்கமாக இருந்தது அவளுக்கு. பாவம் செய்துவிட்டு அதற்குப் பரிகாரமும் தன் கையாலேயே செய்து முடித்துவிடலாம் என்று நினைத்த வெட்கம்.

தாய் அடுத்த செவ்வாய்க்கிழமை போய்விட்டாள். மாஸ்டர் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை அடக்கம். லூப்ளினில் பகல் ஒரு மணி, இங்கே காலை ஏழு. ஹலினாவை வீட்டில் நிற்கச் சொன்னாள் பேர்ணடெற். அவள் வந்தாள். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்றாள். மா வாளிக்குச் சாய்த்துப் போனை நிறுத்தினாள். பேர்ணடெற் புகை இழுக்கும் காற்றாடியை நிறுத்தி, எண்ணெய்த் தாச்சியையும் அணைத்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் நின்றாள். பாதிரியார் பாடுவது கேட்டது. தமக்கை நடக்க நடக்கப் படம் ஆடியது. பெட்டி மூடுமுன் தமக்கை போனைக் கிட்டக் கொண்டுபோனாள். ஹலினா மா படிந்த விரலால் திரையைத் தொட்டாள். தொட்டதில் படம் நின்றுவிட்டது. திரும்ப ஓடத் தொடங்கியபோது பெட்டியை மூடியிருந்தார்கள்.

அவள் கத்தி அழவில்லை. ஏப்ரனால் திரையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

புனிதவதி கிட்டப் போகவில்லை. போக உரிமை இல்லை என்று நினைத்தாள். ஹலினாவின் அடுப்பில் நின்று தோல் ஊற்றினாள், நாளைக்கு நானூறு கொடுக்க வேண்டும். முதல் ஏழெட்டும் கிழிந்தன. பத்தொன்பது வருடம் சுற்றியவளுக்கு ஊற்ற வரவில்லை.

அதன்பிறகு ஹலினா வேலைக்கு வந்தாள், பேஸ்மென்ற் அறையில் இருந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். காலையில் காரில் ஏறும்போது குட் மோர்னிங் என்றாள். அன்ரி என்று கூப்பிடவில்லை. புனிதவதி ஒவ்வொரு காலையும் காது கொடுத்துப் பார்த்தாள். கடையில் மற்றவர்கள் ஐம்பது தரம் அன்ரி என்றார்கள். அது வேறு.

அடுத்த புதன் வேலை முடிந்து எல்லோரும் கிளம்பியபோது ஹலினா ஏப்ரனைக் கழற்றவில்லை. பேர்ணடெற்றிடம் அடுப்பை ஒரு மணித்தியாலம் கேட்டு வாங்கினாள். ஜெயரட்ணம் பஸ் விட்டுவிட்டு வந்து கூட்டிப்போக இன்னும் நேரம் இருந்தது. யன்னலுக்கு வெளியே மார்க்கம் றோட்டில் உருகிய பனியைக் கார்கள் அடித்துக்கொண்டு போயின. புனிதவதி போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றாள்.

"இண்டைக்கு ஒன்பதாம் நாள்," என்றாள் ஹலினா, அடுப்பைப் பார்த்தபடி. "எங்கட ஊரிலை இதை ஊத்துவம். உள்ளுக்கு ஒண்டும் வைக்கிறேல்லை. தேன் மட்டும்."

"எங்களுக்கு எட்டு. செத்தவருக்குப் பிடிச்சதெல்லாம் சமைச்சுப் படைப்பம்."

"உங்கட அப்பாவுக்குச் செய்தனீங்களோ?"

தகப்பன் செத்ததும், போக முடியாமல் போனதும் ஹலினாவுக்குத் தெரியும். முதல் வருடமே புனிதவதி அதைச் சொல்லியிருக்கிறாள், எல்லாருக்கும் நடப்பதுதான் என்கிற மாதிரி, ரோல்ஸ் சுற்றிக்கொண்டே.

"செய்தனான். றொட்டி சுட்டனான். அவருக்குச் சம்பலோடை றொட்டிதான் பிடிக்கும்."

ஹலினா தாச்சியைச் சரித்தாள். மா ஒரு வட்டமாய் ஓடி நின்றது. "போகவேண்டாம் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. "இவர்தான்," என்றாள்.

"அங்கிளோ?"

"ஓம்."

தனக்காகப் படியில் பனி அள்ளுகிற மனிதரை ஹலினா நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஓரத்தை விரலால் இழுத்துத் தோலை எடுத்தாள். கிழியவில்லை. தட்டில் போட்டுத் தேனை ஊற்றினாள்.

"அவரை மன்னிச்சிட்டீங்களோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளுக்கும் நல்லது, தனக்கும் நல்லது. ஒரு சொல்தான். அவளிடம் ஒரு தரம் தெரியாமல் பொய் சொன்ன வாயால் இப்போது தெரிந்து சொல்ல அவளுக்கு முடியவில்லை.

"இல்லை," என்றாள் புனிதவதி.

ஹலினா தலையை ஆட்டினாள். தட்டை மேசையில் அவள் பக்கமாகத் தள்ளினாள்.

"சாப்பிடுங்கோ," என்றாள். அன்ரி என்று சொல்லவில்லை.

புனிதவதி கதிரையை இழுத்துப் போட்டு இருந்து சாப்பிட்டாள்.